ஆடை எடுத்த பால்

ஜூன் 4, வியாழன்

மாட்டுத் தீவனக் கம்பெனிக்காரர்கள் வருடாவருடம் தரும் டைரி இது. மற்ற வருடங்களில் பால் சொசைட்டி மேசையில் டீ டம்ளருக்கு அடியில் கிடந்தே தேய்ந்துபோகும். இந்த வருடம் எழுத விஷயம் வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரி நாற்காலியில் கையைப் பிசைந்துகொண்டு இருப்பதற்கு எழுதுவது மேல் என்று எடுத்துவரச் சொன்னேன்.

பாப்பா பிறந்து ஐந்து வாரம் ஆகிறது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் குறுகிக் கிடந்தது. சென்னிமலையிலிருந்து கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தோம். ஆபரேஷன் செய்தார்கள், நன்றாக முடிந்தது என்றார்கள். மனைவி கோகிலா அழுதாள், நான் மலை முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். அத்தோடு கண்டம் கழிந்தது என்றுதான் நினைத்தேன்.

கழியவில்லை. பாப்பாவின் இடது விலாவில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள், நெஞ்சுக்குள் சேரும் நீர் வெளியே ஒரு டப்பாவில் இறங்குவதற்கு. முதலில் சிவப்பாக வந்தது, பிறகு வெளிறிய மஞ்சளாக. தாய்ப்பால் கொடுக்க ஆரம்பித்த மறுநாள் டப்பாவைப் பார்த்தேன். வெள்ளை. பாலேதான். குடித்த பால் வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சில் ஒழுகுகிறது என்று நினைத்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

நான் பதினோரு வருடமாகச் சொசைட்டியில் பால் டெஸ்டர். காலையும் மாலையும் பாலைத் தவிர வேறெதையும் பார்க்காதவன். பாலைக் கண்டு பயந்தது இன்றைக்குத்தான்.

டாக்டர் மெர்லின் வந்து, என்னையும் கோகிலாவையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"நாம சாப்பிடற கொழுப்பு குடல்லேருந்து நேரா ரத்தத்துல கலக்காது, சென்னியப்பன். நிணநீர்க் குழாய்னு நூல் மாதிரி ஒண்ணு இருக்கு. அது வழியா நெஞ்சு வரைக்கும் ஏறி வந்துதான் ரத்தத்துல சேரும். ஆபரேஷன் பண்ண இடத்துக்குப் பக்கத்துல அதுல ஓட்டை விழுந்திருக்கு. சில குழந்தைங்களுக்கு இப்படி ஆகறதுண்டு. பால்ல இருக்கற கொழுப்பு அந்த ஓட்டை வழியா நெஞ்சுக்குள்ள கசியுது."

"அடைக்க முடியாதுங்களா?"

"தானா ஆறும். கொஞ்ச வாரத்துக்கு அந்த வழியில கொழுப்பு போகாம இருந்தா போதும்."

தாய்ப்பாலிலிருந்து கொழுப்பை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டுமாம். அதற்குப் பதிலாக ஒரு பாட்டில் எண்ணெய் தருவார்கள். அதுவும் கொழுப்புதான், ஆனால் குட்டையான வகை, அந்த நூல் குழாய்ப் பக்கமே போகாமல் நேராக ரத்தத்துக்குப் போய்விடுமாம். கோகிலா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எனக்குத் தலை ஆடவில்லை.

ஜூன் 5

கொழுப்பு எடுக்கும் வேலை என் தலையிலேயே விழுந்தது. சிஸ்டர் ஷைனிதான் காரணம். நாகர்கோவில்காரர், வாய்த்துடுக்கு.

"அண்ணன் பால் சொசைட்டியில இருக்கியன்னு அண்ணி சொன்னாவ. நமக்கு ஆள் பத்தாது, பாத்துக்கிடுங்க. நீங்களே ஆடை எடுத்துத் தந்தா நானும் தப்பிச்சேன், உங்களுக்கும் கைக்கு ஒரு வேல."

வேலை சுலபம். கோகிலா கறந்து தரும் பாலை உயரமான கண்ணாடிப் பாட்டில்களில் ஊற்றிக் குளிர்பெட்டியில் அசையாமல் வைத்துவிட வேண்டும். காலையில் பார்த்தால் கொழுப்பு மேலே ஆடையாக ஏறி நிற்கும், அடியில் நீலம் பாரித்த பால். மெல்லிய குழாயை அடிவரை விட்டுச் சிரிஞ்சால் அந்த நீலப் பாலை மட்டும் உறிஞ்ச வேண்டும். ஆடைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். பிறகு டாக்டர் சொன்ன எண்ணெயைச் சிஸ்டர் கலந்துகொள்வார்.

இந்த நீலப் பாலை எவனாவது சொசைட்டிக்குக் கொண்டுவந்திருந்தால் கேனோடு திருப்பி அனுப்பியிருப்பேன். "யாரு காதுல பூ சுத்தற? ஆடைய நெய்க்காரனுக்குக் குடுத்துட்டு எனக்குத் தண்ணி ஊத்தறயா?" என்று எத்தனை பேரை நிற்க வைத்துக் கேட்டிருக்கிறேன். இப்போது நானே என் மகளுக்கு அந்தத் தண்ணியைச் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். மிஞ்சிய ஆடையைத் தொட்டியில் கொட்டச் சொன்னார்கள். கொட்டினேன். மனசு ஆறவில்லை.

ஜூன் 7

டப்பாவில் வெள்ளை குறைந்திருக்கிறது. மஞ்சள் தெரிகிறது.

ஜூன் 10, புதன்

நீர் தெளிந்துவிட்டது. எலுமிச்சை நிறம். டாக்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கோகிலா ரொம்ப நாளைக்குப் பிறகு தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள்.

எல்லாரும் டப்பாவையே பார்க்கிறார்கள். நான் பாப்பாவைப் பார்த்தேன். கழுத்து மடிப்பில் தோல் உரிந்திருக்கிறது. காதுக்குப் பின்னாலும் அப்படித்தான். தலையணைத் துணியில் முடி உதிர்ந்து கிடக்கிறது. கை கால் எல்லாம் குச்சி. கோகிலாவிடம் காட்டினேன்.

"கொழந்தைங்களுக்குத் தோல் உரியறது சகஜந்தானுங்க மாமா. சிஸ்டரும் அதத்தான் சொன்னாங்க."

சிஸ்டர் சொல்வார். சிஸ்டர் கன்றுக்குட்டியைப் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆடை முழுவதையும் கடைந்து எடுத்துவிட்டு, மிச்சப் பாலையே கன்றுக்குக் காட்டி வளர்த்தார். வயிறு நிறையத்தான் குடித்தது. முதலில் முடி கொட்டியது. பிறகு தோல் செதில் செதிலாக உரிந்தது. கண்ணில் ஒளி போனது. ஒரு நாள் எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்துவிட்டது. "பால் குடிச்சுக்கிட்டேதான் செத்துப்போச்சு" என்று அவர் ஆச்சரியமாகச் சொன்னார். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஜூன் 11

டாக்டரையே பிடித்துக் கேட்டுவிட்டேன்.

"தோல் உரியுதுங்க டாக்டர். கொழுப்பு பத்தாமத்தானுங்களே?"

அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். குறை சொல்லக் கூடாது.

"நீங்க பயப்படறதுல அர்த்தம் இருக்கு. ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சுவர் உண்டு. அந்தச் சுவரக் கட்டறதே கொழுப்புதான். இந்த வயசுல மூளை தினமும் வளருது, அதுக்கும் கொழுப்பு வேணும். சுத்தமா இல்லாமப் போனா செல் வளராது, கடைசில சாகும். அதனாலதான் அவசியமான கொழுப்ப நரம்பு வழியா கொஞ்சம் கொஞ்சமா ஏத்தறோம். தோலுக்கு அது போதும், சரியாயிடும்."

"இன்னும் கொஞ்சம் சேத்திக் குடுக்கலாமுங்களே?"

"அதிகமானாலும் ஆபத்துதான். சில கொழுப்பு அளவு மீறினா, செல்ல 'நீயே செத்துப் போ'ன்னு தூண்டிவிட்டுடும். கொழுப்பு நல்லதா கெட்டதான்னு கேக்காதீங்க. எந்தக் கொழுப்பு, எவ்வளவு, எந்த வழியா, எப்போ. அதத்தான் நாங்க தினமும் பாத்துக்கிட்டிருக்கோம்."

இவ்வளவு சொன்னார். கேன்டீனுக்கு வந்து டீ வாங்கி உட்கார்ந்து யோசித்தால், சாகும் என்ற ஒரு சொல்தான் காதில் தங்கியிருக்கிறது. டீயில் ஆடை படிந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குடிக்கவில்லை.

ஜூன் 13, சனி

விலாக் குழாயை எடுத்துவிட்டார்கள். நூல் குழாயின் ஓட்டை ஆற ஆரம்பித்திருக்கும் என்கிறார் டாக்டர், முழுதும் ஆற இன்னும் சில வாரம் ஆகும், அதுவரை இதே பால்தானாம். சிஸ்டர் ஷைனி எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார். "அண்ணே, மொகத்த ஏன் இஞ்சி தின்ன மாதிரி வச்சிருக்கிய?" என்று என்னைக் கேட்டார்.

பாப்பாவின் அழுகைக்குச் சத்தமே இல்லை. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஜூன் 15

காலையில் மூன்று பாட்டில். கோகிலாவின் பாலில் நல்ல ஆடை. சொசைட்டியில் முதல் தரமாக எழுதியிருப்பேன்.

இரண்டாவது பாட்டிலில் உறிஞ்சும்போது சிரிஞ்சு கொஞ்சம் மேலே போய்விட்டது. கை நடுக்கம்தான், தூக்கம் சரியில்லை. ஆடை ஒரு கீற்று உள்ளே வந்துவிட்டது. திரும்பச் செய்யலாம் என்றால் கலங்கிய பாலில் ஆடை பிரிய மறுபடி நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும், பாப்பாவுக்குப் பசி நேரம். கொடுத்துவிட்டேன். ஒரு கீற்றுதானே.

ஜூன் 16

பாப்பா நன்றாகத் தூங்கினாள். ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் 17

இன்றும் கை அவ்வளவு நிதானமாக இல்லை.

ஜூன் 19, வெள்ளி

எடை கூடியிருக்கிறது! சிஸ்டர் இரண்டு முறை தராசில் வைத்துப் பார்த்தார். கன்னம் கொஞ்சம் உப்பலாகக்கூடத் தெரிகிறது. கோகிலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கைராசி மாமா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாலில் சத்து இருந்தால் உடம்பில் ஒட்டும். இதைக் கண்டுபிடிக்க வெளிநாட்டுப் படிப்பு வேண்டாம். டாக்டர்கள் பாவம், புத்தகத்தில் படித்தபடி நடந்துகொள்கிறவர்கள், பால் கையில் பட்டுப் பழகியவர்கள் இல்லை. பிஸ்கட் ஒரு பாக்கெட் வாங்கி வார்டு வாட்ச்மேனுக்கும் கொடுத்தேன்.

ஜூன் 20

பாலில் எவ்வளவு கொழுப்பு மிச்சம் இருக்கிறது என்று இடையிடையே பார்ப்பார்களாம். நூல் போன்ற கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுத்துச் சுழற்றுவார்கள். சாம்பிள் கேட்டார்கள். முதல் சிரிஞ்சிலிருந்து, அடிப்பாலைக் கொடுத்தேன். கொழுப்பு இல்லை என்று வந்தது. "அண்ணன் வேலன்னா சுத்தம்" என்றார் சிஸ்டர்.

எங்கள் சொசைட்டியில் சில பேர் சாம்பிளுக்கு ஒரு பால், கேனுக்கு ஒரு பால் கொண்டுவருவார்கள். அவர்களைப் பிடிப்பதில் நான் கெட்டிக்காரன். எதற்காக இதை எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 22, திங்கள்

பாப்பா மூச்சு வாங்குகிறாள். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே உள்ளே போகிறது. உதடு நீலம். படம் எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் இடது நெஞ்சு முழுக்க நீர்.

மறுபடி குழாய் போட்டார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். அவள் அழுத சத்தம் நன்றாகக் கேட்டது, பத்து நாளுக்கு முன்னால் சத்தமே இல்லை என்றேனே, அந்தப் பாப்பாதான். கதவு திறந்ததும் டப்பாவைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். தளும்பத் தளும்ப வெள்ளை.

கூடிய எடையெல்லாம் அந்த நீர்தான். சதை ஒரு சிட்டிகைகூட இல்லையாம். சிஸ்டர் யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

ஜூன் 23

டாக்டர் மெர்லின் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். குரலில் பழைய இதம் இல்லை.

"கொழுப்பில்லாத பால் கொடுத்தும் இவ்வளவு கசியுதுன்னா எனக்குப் புரியல. கோகிலா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. யாரும் இல்லாத நேரத்துல பாப்பாவ நேரா மார்ல போட்டீங்களா?"

"இல்லீங்க டாக்டர்."

"எந்த அம்மாவுக்கும் ஆசை வரும். சொன்னா கோவப்பட மாட்டேன். எங்களுக்குத் தெரிஞ்சாகணும்."

"முருகன் மேல சத்தியமுங்க. மார்ல பால் கட்டி உசுரு போற மாதிரி வலிக்கறப்பக்கூட அவளத் தொட்டதில்லீங்க. நெஞ்சோட அணைச்சா பால் வாசம் புடிச்சு அழுவான்னு கையில வாங்கவே பயமுங்க எனக்கு."

என்னையும் பார்த்தார். "பால் விஷயத்துல ஏதாவது தவறியிருக்குமா சென்னியப்பன்?"

"சாம்பிள் பாத்தீங்களே டாக்டர்" என்றேன். வாய் தானாகச் சொல்லியது. திருடனுக்குத் தேள் கொட்டினால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

அந்த வெள்ளை நீரில் கொழுப்பு மட்டும் போவதில்லை என்றும் சொன்னார். கிருமியை எதிர்த்து நிற்கும் வெள்ளைச் செல்கள் கோடிக்கணக்கில் அதோடு சேர்ந்து வெளியே போய்விடுகின்றனவாம். இனிமேல் எந்தக் கிருமி வந்தாலும் எதிர்க்க ஆள் குறைவு. நான் அவள் செல்கள் வளர வேண்டும் என்றுதான்

ஜூன் 24

வாய் வழியாக எதுவும் கொடுப்பதில்லை. எல்லாம் நரம்பில்தான் ஏறுகிறது. ஆடை எடுக்கும் வேலை இல்லை.

கோகிலா எண்ணெய் விட்ட எதையும் தொடுவதில்லை. கேன்டீனில் அவளுக்கு வாங்கிய தோசையை அப்படியே வைத்திருக்கிறாள். உப்புப் போட்ட கஞ்சி மட்டும் குடிக்கிறாள்.

"ஏன் கண்ணு சாப்பிடல?"

"நாந்தின்ன நெய்யும் கறியும் பால்ல எறங்கி, அதுதான் இப்படிப் பண்ணுச்சோ என்னமோ. எங்கம்மா ஊட்ல பத்தியம்னு அத்தன நல்லெண்ணெய ஊத்தி ஊத்திப் போட்டாங்க. டாக்டரு சொல்றதப் பாத்தா என்னாலதானுங்களே மாமா?"

இல்லை என்றேன். அது எப்படி உங்களுக்குத் தெரியும் என்று கேட்டாள். தண்ணீர் பிடித்துவரப் போய்விட்டேன்.

ஜூன் 26, வெள்ளி

காய்ச்சல். பாப்பாவுக்குத்தான். மருந்து மாற்றியிருக்கிறார்கள். டப்பாவில் நீர் குறைகிறது, ஆனால் நிற்கவில்லை.

டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். "கொழுப்ப நிறுத்தியும் ஆறல. அப்ப அந்த ஓட்டை தானா அடையற ஜாதி இல்ல. திரும்ப நெஞ்சத் தொறந்து அந்தக் குழாயவே கட்டிடறதுதான் வழி. காய்ச்சலோட பண்றது ரிஸ்க்தான். காத்திருந்தா அதவிட ரிஸ்க். திங்கக்கிழமை பண்ணிடலாம்."

கோகிலா, "எங்க அம்மிணி தாங்குவாளுங்களா?" என்று கேட்டாள்.

டாக்டர் அவள் தோளில் கை வைத்தார்.

கொழுப்பை நிறுத்தியும் ஆறவில்லை என்பதுதான் அவருடைய கணக்கு. கணக்கின் முதல் வரியே தப்பு. இந்த உலகத்தில் அது ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

ஜூன் 27

சொல்லவில்லை.

சொன்னால் போலீசுக்குப் போவார்களா, கோகிலா வீட்டு ஆட்கள் என்னை உயிரோடு விடுவார்களா என்றெல்லாம் ஓடுகிறது. அதெல்லாம் கூடப் பரவாயில்லை. கோகிலா முகத்தைப் பார்க்க வேண்டுமே, அதுதான் பயம். காலிலிருந்து ஏறி வருகிற பயம்.

ஜூன் 28

ஒருவேளை அந்த ஒரு கீற்றால் இருக்காது. நிஜமாகவே ஆறாத ஓட்டையாக இருக்கலாம். டாக்டர்தானே சொல்கிறார்.

ஒரு கீற்று இல்லை. முதல் நாள்தான் ஒரு கீற்று. அப்புறம் பாதி ஆடை. வெள்ளிக்கிழமை எடை கூடியது என்று தெரிந்த பிறகு முழு ஆடையும் கலக்கித்தான் கொடுத்தேன். எழுதிவிட்டேன்.

ஜூன் 29, திங்கள்

காலையில் பாப்பாவைத் தள்ளுவண்டியில் வைத்துத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். பச்சைத் துணியால் போர்த்தியிருந்தார்கள். அந்தத் துணிக்குள் ஒரு பிள்ளை இருப்பதே தெரியவில்லை. கோகிலா வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே நின்றாள். சாமியிடம் வேண்டுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சாமியிடம் இல்லை, பாப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா பண்ணுனது தப்புத்தான் சாமி. அம்மா தின்னதுதான் உனக்கு ஆவல. அம்மாள மன்னிச்சுக்கோ சாமி."

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. டாக்டர் கையுறை போட உள்ளே போய்க்கொண்டிருந்தார். ஓடிப்போய் வழியை மறித்தேன்.

"ஆப்ரேசன் வேண்டாமுங்க டாக்டர். பால்ல கொழுப்பு இருந்துச்சுங்க."

"என்ன சொல்றீங்க?"

"நாந்தான் உட்டனுங்க. ஆடையக் கலக்கிக் குடுத்தனுங்க. ஒரு வாரமுங்க. சாம்பிளு மட்டும் அடிப்பால எடுத்துக் குடுத்தனுங்க. நீங்க கொழுப்ப நிறுத்தவே இல்லீங்க டாக்டர், நிறுத்துனதா நெனச்சுக்கிட்டிருக்கறீங்க. அந்த ஓட்ட தானா ஆறிக்கிட்டுத்தான் இருந்துச்சுங்க. நாந்தான்..."

சிஸ்டர் ஷைனி வாயில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ அண்ணே, உங்கள நம்பித்தான நான் குடுத்தேன்!"

டாக்டர் நின்றுவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் திட்டவில்லை. "எந்தத் தேதியிலேருந்து? ஒவ்வொரு நாளும் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "இது நேத்தே தெரிஞ்சிருந்தா அந்தக் குழந்தைக்கு மயக்கத்துக்கு முன்னால போடற ஊசி வரைக்கும் போயிருக்க வேண்டாம்" என்றார். பிறகு திரும்பி, வண்டியை வார்டுக்குத் தள்ளச் சொன்னார்.

வேலியே பயிரை மேய்ந்தால் என்று சொல்வார்கள். பால் டெஸ்டர் வேலையில் சேர்ந்த அன்று எங்கள் செயலாளர் எனக்குச் சொன்ன புத்திமதியே அதுதான்.

கோகிலா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அங்கேயேதான் நின்றாள். அழவில்லை. வண்டியோடு நடந்து வார்டுக்குள் போனாள். நானும் பின்னாலே போனேன். உள்ளே போனதும் அவள் திரும்பி, கண்ணாடிக் கதவை என் முகத்துக்கு நேரே மெதுவாகச் சாத்தினாள்.

ஜூலை 2

காய்ச்சல் இறங்குகிறது, ஏறுகிறது. ஆபரேஷன் இல்லை. வாய் வழியாக ஒன்றும் கொடுக்காமல் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் முடிவெடுத்திருக்கிறார். இது எனக்குச் சிஸ்டர் சொன்னது. கோகிலா என்னிடம் பேசுவதில்லை.

ஜூலை 5

வராந்தாவில் என்னைப் பார்த்தால் மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் தங்கள் பால் பாட்டில்களை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொள்கிறார்கள். நியாயம்தான்.

ஜூலை 8, புதன்

காய்ச்சல் விட்டுவிட்டது. டப்பாவில் அடி நனைகிற அளவு நீர்தான். தெளிவாக இருக்கிறது.

ஆடை எடுத்த பாலை மறுபடி ஆரம்பிக்கிறார்கள். எடுப்பது கோகிலா. பால் அறைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சிரிஞ்சை அடியில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சினாள். ஆடைக்கு வெகு கீழேயே நிறுத்திவிட்டாள், அரைப் பாட்டில் பால் வீணாகப் போனாலும் போகட்டும் என்று. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவையும் பார்த்தாள். இரண்டரை வாரம் இதைச் செய்த நான் ஒரு தடவைகூட அப்படிப் பார்த்ததில்லை.

ஜூலை 16

குழாய் எடுத்தாயிற்று. தினமும் எடை போடுகிறார்கள். எடை கூடினாலும் பயம், குறைந்தாலும் பயம். இன்று கொஞ்சம் கூடியிருக்கிறது. படம் எடுத்துப் பார்த்து நெஞ்சில் நீர் இல்லை, சதைதான் என்றார்கள். சிஸ்டர் ஷைனி அதைச் சொல்ல என்னைத் தேடிக்கொண்டு கேன்டீன் வரை வந்தார். கழுத்தில் தோல் உரிவதும் நின்றுவிட்டதாம். நரம்பில் ஏற்றிய அந்தக் கொஞ்சம் கொழுப்பே போதுமானதாக இருந்திருக்கிறது. டாக்டர் அன்றைக்கே சொன்னார்.

ஜூலை 29, புதன்

ஓட்டை நன்றாக ஆறியிருக்கும், இன்றிலிருந்து முழுப் பால் கொடுக்கலாம், நேராக மாரிலேயே போடலாம் என்றார் டாக்டர். இரண்டு நாள் பார்த்துவிட்டு, நீர் சேரவில்லை என்றால் வீட்டுக்குப் போகலாம்.

இதைக் கேட்டு நான் துள்ளியிருக்க வேண்டும். இதே கொழுப்பு, இதே நெஞ்சு. "இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பாக்கலாமுங்களே டாக்டர்?" என்று கேட்டேவிட்டேன். டாக்டர் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் பூமிக்குள் போயிருக்கலாம்.

கோகிலா பாப்பாவை வாங்கிக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். "நீங்க வெளிய இருங்க" என்றாள். ஒரு மாதத்தில் என்னிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை.

வெளியே இருந்தேன். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு பாப்பா குடிக்கும் சத்தம் கேட்டது. முழுங்கி முழுங்கி, நடுவில் மூச்சு விட்டு, மறுபடி முழுங்கி. ஒவ்வொரு முழுங்கலுக்கும் என் நெஞ்சில் ஏதோ இறங்கியது.

ஜூலை 31, வெள்ளி

படம் எடுத்தார்கள். நெஞ்சு சுத்தம். மூச்சு சுத்தம். மத்தியானம் கிளம்பலாம்.

பையெல்லாம் கட்டி வைத்துவிட்டு, கோகிலாவின் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். பாப்பா அப்போதுதான் குடித்து முடித்திருந்தாள். என்ன சொல்வது என்று ஒரு மாதமாக யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோய், கடைசியில் வந்தது இதுதான்.

"பயத்துல பண்ணீட்டேன் கோகிலா. செத்துப்போயிருவாளோன்னு பயம்."

அவள் பாப்பாவின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல்.

"எனக்கு மட்டும் பயமில்லீங்களா? அவ பொறந்த நாள்ல இருந்து எனக்கும் பயந்தான். எம்பயத்த நான் முழுங்கிக்கிட்டேன். நீங்க உங்க பயத்த அவளுக்கு ஊட்டீட்டீங்க."

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். கோகிலா செருப்பைத் தேடினாள், ஒரு கையில் பாப்பா, இன்னொரு கையில் மருந்துப் பை. குனிய முடியவில்லை. மருந்துப் பையை வாங்கக் கை நீட்டினேன். அவள் பையைத் தரவில்லை. கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துவிட்டு, பாப்பாவைத் தந்தாள்.

"தலையப் பத்திரமாப் புடிங்க" என்றாள்.

பிடித்தேன்.